எண்ணெய்க் கடைத் தளத்தில் எழுதும் கட்டுரையும் விளம்பரம்தானா?

காங்கேயம் வட்டாரத்தில் கணவர் குடும்பத்துடன் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் நடத்தும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மாமனார் காலத்தில் மாடு பூட்டி ஆட்டிய செக்கு, இப்போது மோட்டாரில் ஓடும் இரண்டு வாகை மரச்செக்குகளாக ஆகியிருக்கிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டுகிறார்கள். 2019இல், உறவினர் வழியாக அறிமுகமான இளைஞர் ஒருவர் ஓர் இணையதளம் செய்து கொடுத்தார். ஐந்து பக்கம், ஒரு விலைப்பட்டியல், வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட ஒரு பொத்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மாதம் நாற்பது, ஐம்பது ஆர்டர்கள் அந்த வழியாக வருகின்றன. அதே தளத்தில் ஒரு வலைப்பதிவுப் பகுதி சேர்த்தால் கூகுளில் தேடுகிறவர்கள் இன்னும் பலர் வருவார்கள் என்று அந்த இளைஞர் சொல்கிறார். பகுதியை அமைக்க 18,000 ரூபாய், பிறகு மாதம் எட்டுக் கட்டுரைக்கு 4,000 ரூபாய் கேட்கிறார். கட்டுரைகளை ஆங்கிலத் தளங்களிலிருந்து மொழிபெயர்த்தும், ஏஐ கருவியைக் கொண்டும் தயாரிப்பாராம். படங்களைக் கூகுளிலிருந்து எடுத்துக்கொண்டு, அடியில் 'நன்றி: இணையம்' என்று போட்டுவிடுவாராம்.

வாசகிக்குச் சொந்தமாகவும் சில யோசனைகள் இருக்கின்றன. மாமனார் முப்பது ஆண்டுகளாக எழுதிவைத்திருக்கும் நோட்டில் உள்ள தொழில் குறிப்புகளையும் கைவைத்தியத்தையும் வெளியிட வேண்டும். "உங்க நல்லெண்ணெய்க்கு மாறின பிறகு எனக்குச் சர்க்கரை குறைஞ்சிருச்சு" என்று வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய குரல்பதிவை எழுத்தாக்கிப் போட வேண்டும். பக்கத்து ஊர்க் கடையில் பாமாயில் கலக்கிறார்கள் என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் அரசு அனுமதி வேண்டுமா, 'இது மருத்துவ ஆலோசனை அல்ல' என்று அடியில் போட்டால் போதுமா, காசு கொடுத்து வாங்கிய கட்டுரை நமக்குத்தானே சொந்தம் என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் தொழிலைப் பற்றி உங்கள் தளத்தில் கட்டுரை எழுத யாரிடமும் அனுமதியோ உரிமமோ வாங்க வேண்டியதில்லை. பத்திரிகைகளுக்கான பதிவுச் சட்டமும், இணையச் செய்தி வெளியீட்டாளர்களுக்கான 2021ஆம் ஆண்டு விதிகளும் எள்ளையும் கொப்பரையையும் பற்றி எழுதுகிறவரைத் தொடாது. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயம் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியாக வந்து போகிறது. "தளத்தின் முகவரி அந்தத் தம்பி பெயரில்தான் இருக்கிறது, அவரே வருடா வருடம் புதுப்பிக்கிறார், அதனால் சிரமம் இல்லை" என்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முகவரி யார் பெயரில்?

டொமைன் என்று சொல்லப்படும் அந்த முகவரியை மனைக்கு ஒப்பிடலாம். தளம் அதன்மேல் கட்டிய வீடு. இப்போது நீங்கள் சேர்க்க நினைப்பது மாடி. மனை அடுத்தவர் பெயரில் இருக்கும்போது மாடி எடுக்க எந்த வழக்கறிஞரும் சொல்லமாட்டார். அந்த இளைஞர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாலோ, புதுப்பிக்கும் தேதியை மறந்துவிட்டாலோ, மாதக் கட்டணத்தில் மனத்தாங்கல் வந்தாலோ, பதிவேட்டின்படி உரிமையாளர் அவர்தான். என்னிடம் வந்த ஒரு சிறு வியாபாரி, பதினோரு ஆண்டுப் பழக்கமுள்ள முகவரியை இப்படித்தான் இழந்தார். அதில் துரோகம் எதுவும் இல்லை, புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. ஒரு டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. '.இன்' என்று முடியும் முகவரிகளுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் கீழ் தனியான தகராறுத் தீர்வு முறையும் இருக்கிறது. ஆனால் அங்கே போய், அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும், எதிராளி கெட்ட எண்ணத்துடன் நடந்துகொண்டார் என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும்; செலவும் உங்களுடையதுதான். உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட்டால் அரைமணி நேர வேலை. பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் ஒரு கணக்குத் தொடங்கி, முகவரியை அந்தக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவது எளிது. தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல்லையும் கையோடு வாங்கிவிடுங்கள். "மாமா ஆடிட்டர் கேக்குறார்" என்று சொல்லிக் கேட்டால் யாருக்கும் மனம் புண்படாது. இத்தனை நாள் அவருக்கு அனுப்பிய பணத்தின் யுபிஐ பதிவுகளை அழித்துவிடாதீர்கள். தளம் உங்களுக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு இன்று உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

செக்கின் பெயரை வணிகச் சின்னமாகப் பதியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வலைப்பதிவுக்காகக் கேட்கப்படும் 18,000 ரூபாயில் கால் பங்கு. எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கட்டுரையும் விளம்பரமே

"விளம்பரம் என்றால் பத்திரிகையில் காசு கொடுத்துப் போடுவது, நான் எழுதப் போவது தகவல்" என்கிறீர்கள். நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம் சட்டத்தின் பார்வையில் நிற்காது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இல் 'விளம்பரம்' என்பதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கம் ஒளி, ஒலி, புகை, வாயு என்று தொடங்கி அச்சு, மின்னணு ஊடகம், இணையம், இணையதளம் வரை நீண்டு, விலைச்சீட்டையும் மேலுறையையும்கூட விடாமல் சேர்த்துக்கொள்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் ஏறக்குறைய அதே சொற்களில்தான் சொல்கிறது. புகையால் எழுதினாலே விளம்பரம் என்றால், ஆர்டர் போடும் பொத்தானுக்கு மேலே நீங்கள் எழுதும் கட்டுரையை வேறு எதுவென்று சொல்ல முடியும்? நீங்கள் ஒரு மருத்துவராகவோ ஆசிரியராகவோ இருந்து சொந்தப் பக்கத்தில் நல்லெண்ணெயைப் பற்றி எழுதினால் அது கருத்து. நல்லெண்ணெய் விற்பவர் தன் விற்பனைத் தளத்தில் எழுதும் அதே வாக்கியம், பொருளைப் பற்றிய உறுதிமொழி. என் பதில் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

இப்போது சர்க்கரை குறைந்த வாடிக்கையாளரின் கதைக்கு வருகிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் மாத்திரையும் சாப்பிட்டிருக்கலாம், நடைப்பயிற்சியும் தொடங்கியிருக்கலாம், அல்லது எண்ணெயே உதவியிருக்கலாம். அது நம் கேள்வியே இல்லை. உணவுப் பொருள் எதுவும் ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் கூறக்கூடாது என்பது 2018ஆம் ஆண்டின் விளம்பரங்கள் மற்றும் உரிமைகோரல்கள் ஒழுங்குமுறைகளின் அடிப்படை விதி. நீங்கள் சொன்னால் தவறு, வாடிக்கையாளர் வாயால் சொல்லவைத்தால் சரி என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை, வெளியிடுகிறவர் நீங்கள். உணவுச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நுகர்வோர் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் தனியாக 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை விதிக்க முடியும். உங்களைப் போன்ற சிறு செக்குக்கு அந்த உச்சத் தொகையை யாரும் விதித்துவிட மாட்டார்கள்தான். ஆனால் ஒரு நோட்டீசுக்குப் பதில் எழுதவே எத்தனை நாள் செக்கை நிறுத்த வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் உண்டு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், இதய நோய், உடற்பருமன் உட்பட 54 நோய்களையும் நிலைகளையும் அட்டவணையில் வைத்து, அவற்றுக்கு மருந்து என்று எதையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கும் எந்தப் பொருளும் அந்தச் சட்டத்துக்கு மருந்தாகிவிடும். நோய் தீர்க்கும் எண்ணெய் என்று ஒரு கட்டுரை எழுதிய நாளிலிருந்து, உணவு உரிமத்தை வைத்துக்கொண்டு மருந்து விற்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே வாசல் திறந்து வைக்கிறீர்கள். மாமனாரின் நோட்டில் உள்ள கைவைத்தியப் பகுதியை விற்பனைத் தளத்தில் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எண்ணெய்க்கு மட்டுமே உரிய ஒரு விதியை உங்கள் இளைஞர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சமையல் எண்ணெயின் மேலுறையிலும் விளம்பரத்திலும் 'கொலஸ்ட்ராலை எதிர்க்கும்', 'இதயத்துக்கு இதமானது', 'நிறைகொழுப்பு அற்றது' போன்ற மிகைச் சொற்கள் கூடாது என்று அந்தச் சொற்களையே பெயர் குறிப்பிட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத் தளங்களிலிருந்து மொழிபெயர்த்தால் முதலில் வந்து விழப்போவது இந்தச் சொற்கள்தான். 'எங்கள் கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை' என்பதும் அதே வகை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது. எல்லாக் கடையிலும் இருப்பதை உங்கள் தனிச்சிறப்பாகச் சொன்னால் வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும். 'ஆர்கானிக்' என்ற சொல்லையும் சான்றிதழ் இல்லாமல் எழுதாதீர்கள். 2017ஆம் ஆண்டு விதிகளில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்கு மேற்படாமல், நேரடியாக நுகர்வோரிடம் விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு உண்டு. அது தானே விளைவித்து விற்பவருக்கானது. ஏலத்தில் எள் எடுத்து ஆட்டும் உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பி இருக்க முடியாது. 'சல்ஃபர் போடாத கொப்பரை' என்று எழுதுவதாக இருந்தால் களத்துக்காரரிடம் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

'இது மருத்துவ ஆலோசனை அல்ல' என்ற அடிக்குறிப்பைப் பற்றி. மேலே சொன்ன கூற்றை விளக்கவோ தெளிவுபடுத்தவோ பொறுப்புத் துறப்புக்கு அதிகாரம் உண்டு. மறுக்க அதிகாரம் இல்லை. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. தலைப்பில் 'சர்க்கரையைக் குறைக்கும் நல்லெண்ணெய்', அடியில் பொடி எழுத்தில் 'இது மருத்துவம் அல்ல' என்று இருந்தால், அடிவரி உங்களைக் காப்பாற்றாது. சொன்னது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டிவிடலாம்.

தேங்காய் எண்ணெயைத் தலைமுடிக்கு என்று எழுதலாமா என்றும் ஒரு ஓரக் கேள்வி கேட்டிருந்தீர்கள். சிறு பொட்டலத்தில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்ற வரி வழக்கு சேலம் கலால் ஆணையரிடமிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. கூந்தல் எண்ணெய் என்று அடைத்து, அப்படியே பெயரிட்டு விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ஒரு பொருள் என்ன என்பதைப் பாதி தீர்மானிப்பது அதை விற்பவர் சொல்லும் சொல் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் தலைக்குத் தேய்க்கும் வழக்கம் உண்டு என்று எழுதலாம். முடி உதிர்வை நிறுத்தும் என்று எழுதக் கூடாது.

'நன்றி: இணையம்'

நன்றி சொல்வது பண்பு. ஆனால் அதை அனுமதியாகக் கொள்ள முடியாது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒரு படைப்பு எழுதி முடித்த கணமே பாதுகாப்புப் பெறுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, '©' குறி இருக்க வேண்டியதும் இல்லை. ஒரு கட்டுரையை வேறு மொழியில் பெயர்க்கும் உரிமையும் 14ஆவது பிரிவின்படி அதன் உரிமையாளருடையதுதான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மாற்றினால் அது புதிய கட்டுரை ஆகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே மிகவும் பரவிக் கிடக்கிறது, அது தவறு. வணிக நோக்கில் செய்த மீறலுக்கு 63ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. நடைமுறையில் உங்களுக்கு முதலில் வருவது சிறையாக இருக்காது. படத்துக்குப் பணம் கேட்டு ஒரு மின்னஞ்சலாக இருக்கும். தங்கள் படங்கள் எங்கெங்கே போயிருக்கின்றன என்று மென்பொருளால் தேடிப் பிடிக்கும் பட நிறுவனங்கள் இருக்கின்றன. கூகுள் தேடிக் காட்டுகிறது, அவ்வளவே. படம் கூகுளுடையதும் இல்லை, பொதுச் சொத்தும் இல்லை.

அதற்காக எதையும் படிக்கவே கூடாது என்று பயந்துவிடாதீர்கள். கருத்துக்கும் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை. அதை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை 1978இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பத்து இடத்தில் படித்துப் புரிந்துகொண்டு, உங்கள் செக்கடியில் நின்று உங்கள் சொல்லில் எழுதினால் அது உங்களுடைய கட்டுரை. ஏஐ கருவி எழுதித் தந்ததை அப்படியே ஏற்றினால், அதில் உள்ள பொய்க்கும் நீங்கள்தான் பொறுப்பு. 'கருவி சொன்னது' என்ற பதிலை உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஏற்கமாட்டார். சித்தர் பாடல் போன்ற பழம்பாடல்களுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு. இரண்டையும் ஒன்றாக அள்ளிவிடாதீர்கள்.

காசு கொடுத்தால் சொந்தமாகிவிடுமா?

உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நீங்கள். வெளியாளாக இருந்து, கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் விஷயத்தில், எழுதியவரே உரிமையாளர். நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதால் அது மாறாது. அவருடைய கையெழுத்துடன் எழுத்தில் வாங்கினால்தான் உரிமை உங்களுக்கு வரும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 19ஆவது பிரிவு அதை ஐந்து ஆண்டு என்றே கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். இணையத்துக்கு எல்லை இல்லை என்பதால், 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கடிதத்தில், தருவது தன் சொந்த எழுத்து, யாரிடமிருந்தும் எடுத்ததல்ல, பிறர் உரிமை கோரினால் பொறுப்பு தன்னுடையது என்று அவர் எழுதிக் கையெழுத்திடட்டும். இதற்கு அவர் தயங்கினால், எட்டுக் கட்டுரைகள் எங்கிருந்து வரப்போகின்றன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

புகைப்படத்துக்குச் சட்டம் வேறு மாதிரி. நீங்கள் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்களே. உங்கள் தங்கை மகன் ஆசைக்கு இலவசமாக எடுத்துத் தந்தால் உரிமை அவனுக்கு. ஒரு பாட்டில் எண்ணெயாவது கொடுத்துவிடுங்கள் என்று விளையாட்டாகச் சொல்லலாம். 'பயன்படுத்திக்கொள்ளுங்கள் பெரியம்மா' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவைப்பதும் நல்லது.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். அவர் கேட்கும் 18,000 ரூபாய் உழைப்புக்கு மட்டுமே. அதை உங்கள் தளத்துக்கு உள்ளேயே, உங்கள் ஹோஸ்டிங் கணக்கிலேயே நிறுவித் தருவாரா என்று கேளுங்கள். தன் பெயரில் வேறு இலவசத் தளத்தில் தொடங்கி ஒரு இணைப்பு மட்டும் கொடுப்பதாக இருந்தால், முகவரி விவகாரம் இரண்டாம் முறை தொடங்கும். மாதம் எட்டுக் கட்டுரை தேவையே இல்லை. தலைக்கு 500 ரூபாய், ஏறக்குறைய உங்கள் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் விலையில், யாருக்கும் தெரியாததை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

பக்கத்து ஊர்க் கடை

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இதை எழுத வேண்டாம். பெயர் போடாமல் 'பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடை' என்று எழுதினாலும், படிப்பவருக்கு யாரென்று தெரிந்தால் அது அவதூறுதான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி அதற்கு இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. உண்மையைச் சொன்னால் குற்றமில்லையே என்பீர்கள். உண்மை என்பதோடு அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். நீங்களோ அதே தொழிலில் போட்டி வியாபாரி. மணத்தை வைத்துக் கலப்படம் என்று சொல்லும் உங்கள் மூக்கை நான் நம்புகிறேன், நீதிமன்றம் ஆய்வறிக்கை கேட்கும். உண்மையிலேயே நடவடிக்கை வேண்டுமென்றால் உணவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. பொருளை வாங்கும் எவரும், ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று விற்பவரிடம் அப்போதே சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள், அதற்குமேல் அது அவர்கள் வேலை.

தளத்தில் கைவைக்கும்போது

அந்த இளைஞர் எப்படியும் தளத்தைத் திறக்கப் போகிறார். அப்போதே உங்கள் சட்டப்பூர்வப் பெயர், முழு முகவரி, உணவு உரிம எண், ஒவ்வொரு பாட்டிலின் நிகர அளவு, அதிகபட்சச் சில்லறை விலை, புகார் கேட்கும் அலுவலர் பெயர் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலர் நீங்களாகவே இருக்கலாம். வாடிக்கையாளர் போலத் தாங்களே மதிப்புரை எழுதிக்கொள்வதையும் அதே விதிகள் தடுக்கின்றன. வாடிக்கையாளரின் பெயரையோ படத்தையோ போடுவதானால், ருசியையும் பொட்டலம் கட்டியதையும் பற்றிய பாராட்டாகவே இருந்தாலும், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆர்டருக்காகக் கொடுத்த கைபேசி எண்ணுக்குக் கட்டுரை இணைப்புகளை அனுப்பவும் தனிச் சம்மதம் கேட்டுப் பழகுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. பின்னூட்டப் பகுதியை மூடியே வையுங்கள், அதைக் காவல் காக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது?

இவ்வளவு தடை சொன்ன பிறகு, எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று தோன்றியிருக்கும். இல்லை, எழுதுங்கள் என்றே சொல்கிறேன். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பல சிறு வியாபாரிகள் ஓர் இரவில் வாடிக்கையாளரைத் தொலைத்தார்கள். சொந்த முகவரியில் சொந்த எழுத்து இருப்பது உண்மையாகவே சொத்து.

உங்கள் கடிதத்திலேயே நல்ல கட்டுரைகள் சிதறிக் கிடக்கின்றன. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதே, மெழுகு கலந்திருக்கிறீர்களா என்று சென்னையிலிருந்து ஒருவர் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதையும், வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகிவிடும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் இணைப்பை அனுப்பினால் போதும். எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடுகிறார்கள், ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுவது எதற்கு, பாட்டில் அடியில் மண்டி ஏன் தங்குகிறது, எள்ளில் பாதியளவுதான் எண்ணெய் என்றால் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ எள் போகிறது, அதனால் விலை எப்படி இவ்வளவு ஆகிறது என்பவையெல்லாம் வாங்குகிறவர் மனத்தில் இருக்கும் கேள்விகள். இவற்றுக்கு நீங்கள் நேரில் கண்டதைப் பதிலாக எழுதினால் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. மாதம் ஒன்று போதும்.

கடைசியாக, மாமனாரின் நோட்டு. அதில் அவர் சொந்தமாக எழுதிய தொழில் குறிப்புகளுக்குப் பதிப்புரிமை அவருடையது. குடும்பத் தொழில் என்பதால் அது செக்குக்குச் சொந்தமாகிவிடாது. அவர் காலம் வரைக்கும், அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் அந்த உரிமை நீடிக்கும். அவருக்குப் பின் அது உங்கள் கணவருக்கு மட்டும் போகாது, நாத்தனார்கள் உள்ளிட்ட எல்லா வாரிசுகளுக்கும் போகும். இன்று ஒற்றுமையாக இருக்கும் குடும்பத்தில் இதைப் பேசுவது சங்கடமாக இருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் பேசுவது அதைவிடச் சங்கடம். வார இதழ்களிலிருந்து அவர் படியெடுத்த பக்கங்கள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தளத்தில் வெளியிடச் சம்மதம் என்று அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். "என் பேரெல்லாம் எதுக்குப் போடறீங்க" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தன்னைப் படைப்பாளியாகக் குறிப்பிடக் கேட்கும் உரிமை அவருக்கு 57ஆவது பிரிவில் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையதுதான். ஆனாலும் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், முப்பது வருடம் செக்கோடு நின்றவர் பெயர் இருக்கும் பக்கத்தை வாங்குகிறவர்கள் நம்பிப் படிப்பார்கள். எழுதி வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடச் சொல்லுங்கள். பெரியவர்கள் அதைத்தான் மறந்துவிடுவார்கள்.